அத்தைக்கு ஓலை வாசித்தார்கள்

வெள்ளிக்கிழமை டூட்டி முடிந்து, விருதுநகர் ஆஸ்பத்திரியின் நர்சுகள் அறையில் இசைவாணி உடை மாற்றிக்கொண்டிருந்தபோது அத்தையிடமிருந்து போன் வந்தது. வழக்கமாக ஊர் விஷயம் ஒன்று விடாமல் சொல்லி முடித்த பிறகுதான் அத்தை தன் விஷயத்துக்கு வருவாள். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே, "தாயி, வர்ற ஞாயித்துக்கிழமை ஒனக்கு லீவு கிடைக்குமா? கோயில்ல ஓலை வாசிக்கிறாக. நீ வரணும்" என்றாள்.

அத்தையின் வேதக்கோயிலில், அதாவது சர்ச்சில், ஒரு கல்யாணம் நிச்சயமானால், அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெண் மாப்பிள்ளையின் பெயரைச் சபைக்கு முன்னால் வாசிப்பார்கள். யாருக்காவது ஆட்சேபணை இருக்கிறதா என்றும் கேட்பார்கள். அதற்குத்தான் ஓலை என்று பெயர். அந்த ஊரில் பாதிக் கல்யாணங்கள் அத்தை முன்னால் நின்று பேசி முடித்தவை. அதனால் இசைவாணி பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், தலையைச் சீவிக்கொண்டே கேட்டாள்.

"யாருக்கு அத்தை?"

மறுமுனையில் ஏதோ கோழி கொக்கரிப்பது மட்டும் கேட்டது.

"எனக்குத்தேன்" என்றாள் அத்தை.

இசைவாணி சீப்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கே வந்துரு. அண்ணங்கிட்ட நீதான் சொல்லணும். எனக்கு நாக்கு எழ மாட்டேங்குது." அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாள்.

விஷயத்தைக் கேட்ட இசைவாணியின் கணவன் சூர்யபிரகாஷ், "நல்ல காரியந்தானே, கல்யாணச் சாப்பாடு உண்டுல்ல?" என்று சிரித்தான். இசைவாணிக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷம்தான் மாடியில் ஒரு அறை எடுத்திருந்தார்கள். அத்தைக்கு வயசாகிறது, கூட்டிக்கொண்டு வந்து வைத்துக்கொள்ளலாம், மகள் ஓவியாவுக்கும் துணையாக இருக்கும் என்று இசைவாணி மனசுக்குள் எல்லாவற்றையும் திட்டம் போட்டு வைத்திருந்தாள். அதில் அத்தையின் கல்யாணத்துக்கு இடமே இல்லை.

அத்தையின் பெயர் இருளம்மாள். ஆனைக்குட்டம் பக்கம் சின்ன ஊர். தாத்தா காலத்தில் காட்டு வேலைக்குக் கூலி போன குடும்பம், மழை தப்பிய வருஷங்களில் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசுக் கம்பெனிக்குமாக மாறியது. இருளம்மாள் தீப்பெட்டி ஆபீசில் சட்டத்தில் குச்சி அடுக்கப் போனாள். பக்கத்திலேயே வேதக்கோயில். சாயங்காலம் பெண்கள் அங்கே கூடிப் பாடிப் பழகுவார்கள். வேலை விட்டதும் வீட்டுக்குப் போகாமல் இவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நின்றவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் எழுத்துக் கூட்டவே படித்தாள். குரல் அவளுக்குத் தானாக வந்தது.

ஞானஸ்நானம் வாங்குகிற அன்றைக்கு, அந்தக் காலத்துப் பாஸ்டர், இருள் என்று தொடங்குகிற பெயர் எதற்கு, ஜோதி என்று வைக்கலாமே என்றாராம். பாஸ்டரை அங்கே ஐயரய்யா என்பார்கள். "எங்க ஆத்தா குலசாமிக்கு நேந்து வச்ச பேரு ஐயரய்யா. நாளைக்கு அது இருளாயின்னு கூப்பிட்டா நான்தான திரும்பிப் பாக்கணும்?" என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் நல்ல மனுஷர். கிருபை இருளம்மாள் என்று எழுதிக்கொண்டார்.

அண்ணன் வேலுச்சாமிக்கு, அதாவது இசைவாணியின் அப்பாவுக்கு, தங்கச்சி வேதக்காரியாகிவிட்டதில் ஒரே கோபம். கொஞ்ச காலம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஒரு மழைக்கு வீட்டு ஓடு சரிந்துவிட்டது, ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது, பேசிவிட்டார். ஆனால் கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் வளாகத்தில் ஊருக்கே சோறு போடும் அசனத்தன்று மட்டும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கறியில் உப்பு போதாது என்று சொல்லிவிட்டுப் போவார்.

இருளம்மாளுக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. சொந்தத்தில் வேதக்காரியைக் கட்ட யாரும் முன்வரவில்லை. கோயில் குடும்பங்களிலோ, புதிதாக வந்தவள், அவள் பக்கம் நின்று பேச ஆள் இல்லை என்று தயங்கினார்கள். இப்படி இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றுகொண்டிருந்த காலத்தில்தான் இசைவாணியின் அம்மா அழகுமீனா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவை பற்றிக்கொண்டது. அம்மாவை ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்தார்கள். அந்த வாரம் முழுக்க அத்தை கட்டிலை விட்டு நகரவில்லை. அம்மா போன பிறகும் அந்த வார்டை விட்டு உடனே வரவில்லை. அங்கே கிடந்த மற்றப் பெண்களுக்கும் வாயில் தண்ணீர் ஊற்றவும் வேப்பிலையால் ஈ விரட்டவும் ஆள் தேவைப்பட்டது. எல்லாருக்கும் ஒரு வழி ஏற்படும்வரை இருந்துவிட்டு ஊருக்கு வந்து, தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். இசைவாணி அப்போது அஞ்சாங்கிளாஸ். தம்பி அன்பரசன் அவளுக்கும் சின்னவன்.

இரண்டு பேரையும் அத்தைதான் ஆளாக்கினாள். ஞாயிற்றுக்கிழமை தான் கோயிலுக்குப் போகும்போது கூட வா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. மாரியம்மன் பொங்கலுக்கு இவர்களைக் குளிப்பாட்டி, மஞ்சள் துணி உடுத்தி, கையில் பொங்கல் சாமான் கொடுத்து அப்பாவோடு அனுப்பி வைப்பாள். தீச்சட்டி எடுத்து வருகிறவர்களுக்குக் கால் சுடுமே என்று தெருவில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறவர்களில் அவளும் ஒருத்தி. "வேதக்காரிக்கு இங்கன என்ன வேல?" என்று யாரோ கேட்டதற்கு, "காலு சுடுறதுல என்ன வேதம்?" என்றாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அங்கன்வாடியில் சமையல் உதவியாளராகச் சேர்ந்த பிறகு ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அவள் கையால்தான் மதியச் சோறு. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணம் பண்ணி, அவர்கள் பிள்ளைகளும் அவளிடமே வந்தார்கள். அதனால் ஊருக்கே அவள் அத்தை. எந்தக் கம்பெனியில் விபத்து என்றாலும் பழைய பருத்தி வேட்டி, இளநீர், சீப்பு, போர்வை என்று ஒரு பையோடு முதல் ஆளாக ஆஸ்பத்திரி வாசலில் நிற்பாள். பிரசவமா, பஞ்சாயத்தா, கோயில் பாட்டுக்குழுவா, எல்லாவற்றுக்கும் அவள்தான்.

இப்படிப்பட்ட அத்தைக்குத்தான் ஐம்பத்தேழாவது வயதில் கல்யாணம்.

சனிக்கிழமை காலையில் இசைவாணி ஓவியாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் முகத்தில் வெட்கம் என்ற ஒன்றை இசைவாணி அன்றைக்குத்தான் பார்த்தாள். ஓவியாவை அங்கன்வாடிப் பிள்ளைகளோடு விளையாட அனுப்பிவிட்டு, இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்தார்கள்.

"யாரு அத்தை?"

"நம்ம ஆர்மோனியத்த ரிப்பேர் பாக்க வந்தாகல்ல, வேதமாணிக்கம்னு. சிவகாசிக்காரவுக."

இசைவாணிக்கு ஆள் நினைவுக்கு வந்தார். ஒல்லியாக, எப்போதும் சட்டைப்பையில் இரண்டு பேனாவோடு இருப்பவர். ஏதோ பிரஸ்ஸில் காலண்டர் வெட்டும் மெஷினில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கோயில் ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடித்துவிட்டது என்று வரவழைத்தார்கள். ஒரு நாளில் முடிகிற வேலையை ஒரு வாரம் பார்த்தார். அப்புறம் வாராவாரம் பாட்டுப் பழக்கத்துக்கு வாசிக்க வந்துவிட்டார். தாளம் அவருக்கு எப்போதும் அரை நொடி பிந்தும். அத்தை பாட்டை நிறுத்திவிட்டு எல்லார் முன்னாலும் அவரை வைவாள். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு மறுபடி தப்பாகவே வாசிப்பார்.

"அவரா? அவரத்தான நீங்க நாலு பேரு முன்னால வைவீக?"

"தப்பா வாசிச்சா வையாம என்ன செய்ய?" என்றாள் அத்தை. பிறகு விஷயத்தைச் சொன்னாள். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள், பாட்டுப் பழக்கம் முடிந்து ஆர்மோனியத்துக்கு உறை மாட்டும்போது, அவர் நிமிர்ந்து பார்க்காமலே பேசியிருக்கிறார். எனக்குச் சமைக்கத் தெரியும், துணியும் நானே துவைத்துக்கொள்வேன், குடி கிடையாது, குறட்டை மட்டும் உண்டு, உங்களுக்குச் சம்மதம் என்றால் ஐயரிடம் பேசுகிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீக?"

"தீவாளி சீசன் முடியட்டும்னேன். சீசன்ல எம்புட்டு வேல கெடக்கும், அதுல போயி இத நெனைக்க முடியுமா?"

"சீசன் முடிஞ்சும்?"

"கிறிஸ்மசு முடியட்டும்னு நானா விட்டுட்டேன். அவுகளும் கேக்கல. பழையபடி வந்து தப்பாவே வாசிச்சாக. பொங்கலுக்கு மறுநா, 'மூணாவது அடி பிந்துது, சரியா வாசிங்க'ன்னேன். அப்பறம், 'அன்னைக்குக் கேட்டீகளே, அதுக்குச் சரி'ன்னேன். அந்த மனுசன் அதுக்கப்பறம் அன்னைக்கு ஒரு பாட்டும் உருப்படியா வாசிக்கல."

இசைவாணி சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் மனசில் வைத்திருந்தது வெளியே வந்தது. "நான் ஒங்களை விருதுநகருக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு மாடியில ரூம் எடுத்து வச்சிருக்கேன் அத்தை."

"அது ஒன் ஆச தாயி. என்னையக் கேட்டியா?"

கேட்கவில்லைதான்.

"கோவிச்சுக்கிடாத. ஊரே எனக்கு இருக்கு. ஆனா எங்கிட்ட வர்றவுக எல்லாரும் ஏதாச்சும் ஒரு காரியமாத்தான் வாராக. வரட்டும், எனக்கு அது சந்தோசந்தேன். இவுக வந்தா காரியம் ஒண்ணும் இல்ல. சும்மா உக்காந்து பேசிக்கிட்டு இருக்காக. நல்லாருக்கு. அம்புட்டுதேன்."

அதற்குள் பின்வாசல் வழியாக அன்பரசன் வந்தான். பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பக்கத்து வீடுதான்; அப்பாவும் ஆடுகளும் அங்கேதான். மனைவி காதில் விழுந்து, அவள் மூலமாக அவன் காதிலும் விழுந்திருந்தது.

"நெசமா அத்தை? திங்கக்கிழமை நான் எப்படி கம்பெனிக்குப் போவேன்? எங்கிட்ட வேல பாக்குற பொம்பளைக எல்லாம் ஒங்க பேரச் சொல்லித்தான் எனக்கு மரியாத குடுக்குறாக. அவுக சிரிக்க மாட்டாகளா?"

"சிரிக்கட்டும்லே. நல்ல காரியத்துக்கு அழுவாகளா?"

"அம்மா மாதிரி வளத்துட்டு..." என்று ஆரம்பித்தவன் தரையைப் பார்த்தான். கோபத்துக்கு அடியில் இருந்தது என்ன என்று அக்காவுக்குப் புரிந்தது. அத்தைக்கும் புரிந்தது. அவள் எழுந்து போய் அவன் முன்னால் நின்றாள். அவன் அவளைவிட ஒரு முழம் உயரம்.

"அம்மா மாதிரித்தேன் வளத்தேன். அதுல எங்கன கொற வந்துச்சு இப்ப? நீ புள்ளையா லெச்சணமா பந்தலுக்கு ஆளப் பாரு."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டான். போகவும் இல்லை.

அப்பா ஆடுகளுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தார். இசைவாணி போய் நின்றாள். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், "அப்பா, அத்தைக்கு ஓலை..." என்றாள்.

வேலுச்சாமிக்கு ஓலை என்றால் சாவோலை ஒன்றுதான் தெரியும். கையிலிருந்த குழை கீழே விழுந்தது. "என்னத்தா சொல்ற? காலையிலதான முருங்கைக்கீரை கொண்டாந்து குடுத்துட்டுப் போனா!" என்று கத்திக்கொண்டே எழுந்து ஓடப் பார்த்தார். இசைவாணி அவரைப் பிடித்து உட்காரவைத்து, இது கல்யாண ஓலை என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தங்கச்சி உயிரோடு இருக்கிறாள் என்ற நிம்மதியில், கல்யாணம் என்ற அதிர்ச்சி அவருக்குப் பாதியாகத்தான் தெரிந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை எந்த ஊரு?"

மாப்பிள்ளை என்றே சொல்லிவிட்டார். இசைவாணிக்குப் பெரிய பாரம் இறங்கியது. ஊர், வேலை, முதல் மனைவி இறந்து வருஷங்கள் ஆனது, ஒரே மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்தது, எல்லாம் சொன்னாள்.

"குடியா?"

"இல்லையாம்."

"இல்லையாம்னா? சொன்னது யாரு?"

"அத்தைதான்."

"பொண்ணு பேச்சக் கேட்டு எவனாச்சும் கல்யாணம் முடிப்பானா? விசாரிக்க வேணாம்? ஏலே அன்பு! வண்டிய எடுலே."

"நான் எதுக்குப்பா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"பொண்ணு வீட்டுக்காரன் நீதானலே. சட்டைய மாட்டு."

அப்பா வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தார். அன்பரசன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டிப் போனான். அத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த அண்ணன் அங்கன போயி என்னத்தப் பேசப் போகுதோ" என்று அன்றைக்குச் சோறு அவளுக்கு இறங்கவில்லை. ஊரில் எத்தனையோ பெண்களுக்குத் தைரியம் சொன்னவள், இசைவாணி எத்தனை சொல்லியும் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். அப்பா நேராக ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார். அன்பரசன்தான் சொன்னான்.

"நேரா வீட்டுக்குப் போகலக்கா. மொதல்ல பிரஸ்ஸு வாச்மேன், அப்பறம் டீக்கடை, அப்பறம் அவரு வீட்டுக்கு எதிர்த்த பலசரக்குக் கடை. ஒரு கடையில சோடா வாங்கிக் குடிச்சுட்டு அரை மணி நேரம் விசாரண. எல்லாப் பக்கமும் நல்லவிதமாத்தான் சொன்னாக. பெறவு வீட்டுக்குப் போனோம். நாங்க யாருன்னு சொல்றதுக்கு முன்னயே அந்த மனுசனுக்குத் தெரிஞ்சுபோச்சு. தண்ணி கொண்டாந்தாரு, பாதி தரையில."

"அப்பா என்ன கேட்டாரு?"

"'எந் தங்கச்சிய எதுக்குக் கட்டணுங்கிறீக?'ன்னு நேராவே கேட்டுட்டாரு. அவரு, 'அவுக வைஞ்சா வீட்டுல இருக்குற மாதிரி இருக்கு'ன்னாரு."

இசைவாணி வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அதுக்கு அப்பா சிரிச்சாரு பாரு. 'அப்பன்னா நீங்க பொருத்தமான ஆளுதேன், நான் பொறந்ததுல இருந்து வாங்கிக்கிட்டு இருக்கேன்'னாரு. அப்பறம் ரெண்டு பேரும் ஒக்காந்து ஆட்டப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாக. என்னால கூட்டிட்டு வர முடியல." அன்பரசன் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினான். பிறகு யாரையும் பார்க்காமல், "டீ நல்லாத்தான் போடுறாரு" என்றான்.

மறுநாள் காலை ஆராதனைக்கு இசைவாணியும் அன்பரசனும் கோயிலுக்குள் பாய் விரிப்பில் உட்கார்ந்தார்கள். அப்பா வழக்கம்போல வெளியே வேப்பமரத்தடி. அத்தை பாட்டுக்குழுவில் முன்வரிசை. ஆர்மோனியத்தின் முன்னால், மடிப்புக் கலையாத சட்டையில், வேதமாணிக்கம். அன்றைக்கு அவர் வாசித்ததில் தாளம் எங்கேயும் பிந்தவில்லை. பயத்தில் முந்தியது.

பிரசங்கத்துக்கு முன்னால் ஐயர் எழுந்து அறிவிப்புகளை வாசித்தார். பெண்கள் சங்கக் கூட்டம், கோயில் கூரைக்கு வெள்ளையடிப்பு என்று எல்லாம் வாசித்துவிட்டுக் குரலைச் சரிசெய்துகொண்டார்.

"சிவகாசிச் சபையைச் சேர்ந்த வேதமாணிக்கம் அவர்களுக்கும், நமது சபையைச் சேர்ந்த கிருபை இருளம்மாள் அவர்களுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இது முதலாம் ஓலை."

கோயில் முழுக்க ஒரு காற்று அடித்த மாதிரி முணுமுணுப்பு ஓடியது. எல்லாத் தலையும் பாட்டுக்குழுப் பக்கம் திரும்பியது. அத்தை பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

"இதைக் குறித்து யாருக்காகிலும் ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம்" என்று ஐயர் முறைக்காகச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"இருக்கு ஐயரய்யா" என்று ஒரு குரல் கேட்டது.

பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் பாக்கியத்தாய் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். சபையில் மூத்த கட்டை. கம்பை ஊன்றி நிமிர்ந்து நின்றாள். அந்தக் கோயிலில் ஓலைக்கு ஆட்சேபணை என்று யாரும் எழுந்து யாரும் பார்த்ததில்லை. ஐயருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. "சொல்லுங்கம்மா" என்றார்.

"இவளைக் கட்டிச் சிவகாசிக்கு அனுப்பிட்டா, இங்கன அசனத்துக்கு யாரு நிப்பா? என் பேரன் பொண்டாட்டிக்கு மாசி மாசம் நாளு. ஆசுபத்திரிக்கு யாரு வருவா? நான் செத்தா என்னைக் குளிப்பாட்ட யாரு? இவளையே சொல்லி வச்சிருக்கேன். இவள அனுப்ப எனக்குச் சம்மதமில்ல. ஆச்சேவணைன்னு எழுதிக்கிடுங்க."

"அது சட்டப்படியான ஆட்சேபணை ஆகாதேம்மா..." என்று ஐயர் இழுத்தார். மைக் போட்டிருந்தது. வெளியே மரத்தில் கட்டியிருந்த குழாய் எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்போது பக்கவாசல் படாரென்று திறந்தது. ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் துண்டுமாக வேலுச்சாமி உள்ளே வந்து நின்றார். நெற்றியில் திருநீறு. மூச்சு வாங்கியது.

"எவன் அது ஆச்சேவணை சொன்னது? நான் நேத்தே போயி விசாரிச்சாச்சு. மாப்பிள்ளை தங்கமான ஆளு. இதுக்கு மேல யாருக்கு என்ன வேணும்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. கோயில் முழுக்கச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. ஐயர் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கும்போது வேதமாணிக்கம் ஆர்மோனியத்தை விட்டு எழுந்தார். "ஐயரய்யா, நான் ஒண்ணு சொல்லிக்கிடுறேன்" என்றார். குரல் மெல்லியதுதான், எல்லாருக்கும் கேட்டது. "நான் இவுகளை எங்கயும் கூட்டிட்டுப் போகல. நான்தேன் இங்கன வாரேன். சாமான் எல்லாம் கட்டி வச்சாச்சு. எங்க வீட்டுல நான் ஒரு ஆளு. இங்கன இவுகளுக்கு ஒரு ஊரு இருக்கு. ஊரைத் தூக்கிக்கிட்டு வர முடியுமா?"

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று பாக்கியத்தாய் கம்பைக் கீழே கிடத்திவிட்டு உட்கார்ந்தாள். "எனக்கு ஒண்ணும் ஆச்சேவணை இல்ல. சீக்கிரம் முடிங்க, லெந்து வந்துரும்."

லெந்து நாட்கள் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்கு முந்தின வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். அன்பரசன் பந்தலுக்கு ஆள் பார்த்தான். பார்த்ததோடு நிற்கவில்லை. கம்பெனியில் அவனிடம் வேலை பார்க்கும் பெண்கள் அத்தனை பேரும், அவன் பயந்த மாதிரிச் சிரிக்காமல், அத்தை கல்யாணத்துக்கு நாங்களும் வருவோம் என்று ஒரே பிடியாக நின்றதில், ஒரு லோடு வேனையும் ஏற்பாடு செய்தான். அத்தைக்கு வெள்ளைப் பட்டுப்புடவை எடுக்கலாம் என்றாள் இசைவாணி. அதற்கு அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளை உடுத்தினால் குழம்பு தெறிக்கும் என்றாள். மாம்பழ நிறத்தில் ஒரு புடவை எடுத்தார்கள். நிறம் அவளுக்கு நன்றாகவே பொருந்தியது.

கல்யாணத்தன்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டுதான் அத்தை கோயிலுக்குள் நடந்து வந்தாள். வேலுச்சாமிக்கு இது இரண்டாம் தடவை. இந்தத் தடவை செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். பெண்ணைக் கொடுக்கிறவர் யார் என்று ஐயர் கேட்பார், நான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இசைவாணி அவருக்குப் பல தடவை சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"இந்தப் பெண்ணை விவாகத்தில் கொடுக்கிறவர் யார்?"

"நான்தேன். வேற யாரு இருக்கா?" என்றார் வேலுச்சாமி. பிறகு சொல்லிக் கொடுத்ததில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். "நல்லபடியாப் பாத்துக்கிடுங்க மாப்பிள்ளை. அவ ஒரு வேளைச் சோத்துக்குக்கூட ஒரு எடத்துல ஒக்கார மாட்டா. ஒக்காரச் சொல்லுங்க."

அத்தையின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அவள் அழுது இசைவாணி பார்த்தது குறைவு. இது அழுகை மாதிரியும் இல்லை. வேதமாணிக்கம் தாலி கட்டும்போது முடிச்சு நழுவியது. "மெதுவாக் கட்டுங்க, ஓடியா போயிருவேன்?" என்று அத்தை உதடு அசையாமல் வைதது, பக்கத்தில் நின்ற இசைவாணிக்கு மட்டும் கேட்டது. அவர் முகம் அப்படியே மலர்ந்துபோனது.

விருந்துக்குத் தெருவே கூடிச் சமைத்தது. பெண் சமையல் பந்தல் பக்கம் வரக் கூடாது என்று கட்டளை. முதல் பந்தி உட்கார்ந்ததும் பெண்ணைக் காணவில்லை. தேடினால், மாம்பழப் பட்டுப்புடவையின் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு அண்டாவின் பக்கத்தில் நின்று, உள்ளங்கையில் குழம்பை ஊற்றி நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்பரசன் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வேதமாணிக்கத்தின் பக்கத்தில் உட்காரவைத்தான். அவளுக்கு இலை போட்டதும் பரிமாறியதும் அவன்தான். "கறி போதுமா அத்தை?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கி, பக்கத்து இலைக்கும் குனிந்து, "மாமா, ஒங்களுக்கு?" என்றான்.

இசைவாணி அன்று சாயங்காலமே விருதுநகருக்குத் திரும்பினாள். பஸ்ஸில் ஓவியா, மாடி ரூமில் யார் இருப்பார்கள் என்று கேட்டாள். "ரெண்டு பேரு வந்து போவாக" என்றாள் இசைவாணி. அதைச் சொல்லும்போது வருத்தம் இருக்கிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். இல்லை.

திங்கட்கிழமை காலையில் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அத்தையின் போன். புதுப் பெண்ணின் குரலாக இருக்கும் என்று ஆசையோடு எடுத்தாள். பின்னணியில் ட்ராலி உருளும் சத்தம், யாரோ யாரையோ அதட்டும் சத்தம். அது என்ன சத்தம் என்று இசைவாணிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"எங்க அத்தை இருக்கீக?"

"சிவகாசி ஆசுபத்திரியிலதேன். பாக்கியத்தாயி பேரன் பொண்டாட்டிக்கு விடியக்காலம் வலி வந்துருச்சு, பத்து நா முந்தி. நான் கெளம்பவும் அவுகளும் பிளாஸ்க்கத் தூக்கிக்கிட்டுக் கூடவே வந்துட்டாக. வெளிய பெஞ்சில ஒக்காந்தபடியே தூங்குறாக. கொறட்டச் சத்தத்துக்கு நர்சம்மா ரெண்டு தடவ எட்டிப் பாத்துட்டுப் போயிருச்சு."

"சாப்பிட்டீகளா?"

"அவுக இட்லி வாங்கியாந்தாக. ரெண்டு பேரும் சாப்பிட்டோம். ஒக்காந்துதேன்." அத்தை சிரித்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து ஒரு பச்சைக் குழந்தையின் அழுகை வீரிட்டுக்கொண்டு வந்தது. போனிலேயே காது அடைத்தது.

"பொண்ணாம்! நல்லா சத்தமாத்தேன் அழுகுறா. சரி வையி தாயி, துணி கேக்குறாக."